மாதம் 55,000 வாடகை: கல்லடி வீடு உண்மையில் எத்தனை வீதம் தருகிறது?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புக் கல்லடியில் 12 பேர்ச் காணியோடு மூன்று அறை வீடு. கேட்கிற விலை 1 கோடி 50 இலட்சம். இப்போதே மாதம் 55,000க்கு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. "வருடம் 660,000 வரும், 4.4 வீதம். காணி விலை ஏறுவது தனி" என்று தரகர் சொல்லியிருக்கிறார். நீங்கள் கட்டாரில் உழைத்த காசு வங்கியில் நிலையான வைப்பில் 8 வீதத்துக்குக் கிடக்கிறது. இங்கே சம்பளம் மாதம் ஒன்றரை இலட்சம். வீட்டை வாங்கினால் உண்மையில் எத்தனை வீதம் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரகர் பொய் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தால் அவர் கணக்குச் சரிதான். ஆனால் அவர் கணக்கில் வீடு ஒரு நாளும் பூட்டிக் கிடக்காது, ஒழுகாது, வரி கேட்காது. நான் இருபது வருடத்துக்கு மேலாக மட்டக்களப்பில் மற்றவர்களின் கணக்குப் பார்த்து வருகிறேன். எனக்கும் கல்லடியில் வாடகை வீடு ஒன்று இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டின் எண்களை என் வீட்டின் அனுபவத்தோடு போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் கீழே போடுகிற எண். 1 கோடி 50 இலட்சத்தால் வகுப்பது தவறு, உங்கள் கையை விட்டுப் போகிற காசு அதைவிடக் கூட. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். உங்கள் விலைக்கு அது 599,000 ரூபாய். நொத்தாரிசு, உறுதித் தேடல், நில அளவை, தரகு எல்லாவற்றுக்கும் 3 இலட்சம் வைப்போம். வாங்கிய உடனே வயரிங், குளியலறை, பெயின்ற் என்று 5 இலட்சம் இறங்கும். இது நான் குறைத்துப் போட்ட எண். மொத்தம் 16,399,000. இந்த வீட்டுக்குள் நீங்கள் போடப்போகும் முதல் இதுதான்.

இனி மேலே போடுகிற எண். பன்னிரண்டு மாதமும் வாடகை வராது. இங்கே வாடகைக்கு வருபவர்களில் பாதிப்பேர் இடமாற்றத்தில் வருபவர்கள்: ஆசிரியர், வங்கிக்காரர், போதனா வைத்தியசாலையில் வேலை செய்பவர்கள். கட்டளை வந்தால் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அது பெரும்பாலும் வருட முடிவில்தான் நடக்கும். அடுத்த ஆள் வரும்வரை வீடு பூட்டு. மழை காலத்தில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் புது ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சுவரில் பூஞ்சணம், வளவில் முழங்கால் தண்ணீர், பார்க்க வருபவர் கேற்றோடு திரும்பிவிடுவார். சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் என்று கழியுங்கள். 11 மாதம், 605,000.

செலவுகளில் சோலை வரிக்கு 8,000 வைக்கிறேன், மாநகர சபைப் பற்றுச்சீட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஜனவரி மாதம் முடியுமுன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. வெள்ளம், தீ இரண்டுக்கும் காப்புறுதி 15,000. புது ஆள் பிடிக்கத் தரகருக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 27,500. சில்லறைத் திருத்தம் 30,000.

மேலே சொன்னவை எல்லாருக்கும் தெரிந்த செலவுகள். கணக்கு பிழைப்பது இவற்றில் இல்லை, வருடா வருடம் வராத செலவுகளில்தான்.

என் வீட்டுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. முதல் மூன்று வருடம் வலப்பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும்: குழாய் வாஷர், கேற் பிணைச்சல், ஒரு தடவை மலசலகூடக் குழி இறைக்கிற கலி பவுசர். "வீடு என்றால் இதுதான், சும்மா இருக்கக் காசு வரும்" என்று நானே பலரிடம் சொல்லித் திரிந்தேன். நான்காம் வருடம் மார்கழியில் ஒரு காலை வாடகைக்கு இருந்த தங்கச்சி போன் எடுத்தா. "அண்ணா, யன்னலுக்கு மேல இருந்து ஒரு துண்டு விழுந்திட்டு, பிள்ளைக்கு ஒண்டும் நடக்கல்ல." போய்ப் பார்த்தேன். யன்னலுக்கு மேல் நீட்டியிருக்கிற சன்சேட் தட்டின் அடிப்பக்கம் கொங்கிறீற் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது. விரலால் தொட்டால் செதிள் செதிளாகக் கொட்டியது. கடல் பக்கத்து உப்புக் காற்று ஈரத்தோடு கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பியைப் பிடிக்கும். துரு பிடித்த கம்பி வீங்கும். வீங்கியது சுற்றியிருக்கும் கொங்கிறீற்றை உடைத்துத் தள்ளும். ஒன்றைத் தட்டிப் பார்த்தால் மற்ற மூன்றும் அதே கதை. மேசன் நான்கையும் இடித்துப் புதிதாகப் போட்டார், பதினொரு நாள் வேலை. அந்த வருடம் கொப்பியில் வலப்பக்கம் இடப்பக்கத்தை விழுங்கிவிட்டது.

நான் சிரித்த அந்த மூன்று வருடத்திலும் அந்தச் செலவு நடந்துகொண்டுதான் இருந்தது. கம்பி ஒரு நாளில் துருப்பிடிக்கவில்லை. கொப்பியில் மட்டும் ஒரே நாளில் ஏறியது. அதனால் பெரிய வேலைகளை அது வரப்போகிற வருடங்களால் பிரித்து, ஒவ்வொரு வருடமும் எழுத வேண்டும். முழு வீட்டுக்கும் பெயின்ற் 240,000, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 48,000. கூரை மரம், கறையான், சன்சேட், தண்ணீர் மோட்டர், மலசலகூடக் குழி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வருடத்தில் 6 இலட்சம் என்று வையுங்கள், வருடத்துக்கு 50,000. கடலில் இருந்து தள்ளி, வாவிக்கு மறுகரையில் வவுணதீவுப் பக்கம் என்றால் இரும்புச் செலவு குறையும். அங்கே வாடகையும் குறையும் என்பது வேறு கதை.

கூட்டினால் வருடச் செலவு 178,500. மிஞ்சுவது 426,500.

வரி இன்னும் இருக்கிறது. "வாடகைக்கு யார் வரி கட்டுகிறார்கள்" என்று கேட்காதீர்கள், கணக்கு என்றால் கணக்கு. 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கான வரி விடுவிப்பு வருடத்துக்கு 18 இலட்சம். உங்கள் சம்பளம் மட்டுமே அதைச் சரியாக நிரப்பிவிடுகிறது. ஆகவே வாடகையின் முதல் ரூபாயில் இருந்தே வரி. திருத்தத்துக்கும் தேய்மானத்துக்கும் என்று வாடகையில் 25 வீதத்தைக் கழித்துக்கொள்ள விடுவார்கள். மிச்சம் 453,750க்கு 6 வீதம், 27,225 ரூபாய். கடைசியாகக் கையில் நிற்பது 399,275. அதைப் போட்ட முதலான 16,399,000 ஆல் வகுத்தால் 2.43 வீதம்.

4.4 எங்கே, 2.43 எங்கே.

அதே காசு வங்கியில் இருந்தால் என்ன? 8 வீதத்துக்கு வட்டி 1,311,920. அதற்கும் வரி உண்டு: முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 18 வீதம். 116,146 போனாலும் 1,195,774 நிற்கும். 7.29 வீதம். வங்கி வட்டியில் 10 வீதத்தை முன்கூட்டியே பிடித்துவிடும். உங்கள் விடயத்தில் அது கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் கூட, வருமான வரி அறிக்கை கொடுக்கும்போது மிச்சத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஆகவே இந்த வீட்டை வைத்திருப்பதற்காக நீங்கள் ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட 8 இலட்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த இடைவெளியை வாடகையால் மட்டும் மூட வேண்டுமென்றால் மாதம் 1 இலட்சத்து 36 ஆயிரம் வாங்க வேண்டும். கல்லடியில் மூன்று அறை வீட்டுக்கு அப்படிக் கொடுக்க ஆள் இருந்தால் என் வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள்.

ஆக, இந்த வீட்டை வாடகைக்காக வாங்குவதாக நினைத்தால் ஏமாற்றம்தான். நீங்கள் வாங்கப் போவது காணி விலை ஏறும் என்ற நம்பிக்கையை. வாடகை அதன் காவற்காரச் சம்பளம் மாதிரி ஏதோ ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். தரகர் சொன்ன "காணி விலை ஏறுவது தனி" என்ற வார்த்தைக்குள்தான் முழு வியாபாரமும் இருக்கிறது. எவ்வளவு ஏற வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வருடா வருடம் நீங்கள் விடுகிற அந்த 8 இலட்சத்தை வங்கியில் அதே வட்டிக்கு மறுபடி மறுபடி போட்டிருந்தால் பத்து வருடத்தில் 1 கோடி 11 இலட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். போட்ட முதலையும் சேர்த்தால் பத்து வருடம் கழித்து இந்த வீடு 2 கோடி 75 இலட்சத்துக்கு விற்க வேண்டும். அப்போதுதான் வங்கிக்குச் சமம். வருடம் ஆறேகால் வீதம் அளவில் விலை ஏற வேண்டும், பத்து வருடமும் விடாமல். வாடகையைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த இலக்கு கொஞ்சம் இறங்கும். விற்கிற நாளில் மூலதன ஆதாய வரி இருப்பதால் கொஞ்சம் ஏறும்.

ஏறுமா? இந்த இடத்தில் வங்கிக்காக மட்டும் வாதாடினால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். 2022ஐ மறந்துவிட்டு இலங்கையில் யாரும் கணக்குப் போட முடியாது. அந்த வருடம் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 பக்கம் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 69.8 வீதம். வைப்பில் காசு வைத்திருந்தவரின் புத்தகத்தில் எண் குறையவில்லை, கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. காணி வைத்திருந்தவருக்கு அந்த அடி அப்படி விழவில்லை. அதனால் "வங்கி 7.29, வீடு 2.43, முடிந்தது கதை" என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு 2022 வரும் என்று நீங்கள் பயந்தால், அந்தப் பயத்துக்கு வருடம் 8 இலட்சம் காப்புறுதிக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள்.

அதே நேரம் இடத்தின் விலையும் வாடகையும் எப்போதும் மேலே மட்டும் போகும் என்பவர்கள், சுனாமிக்குப் பிறகான வருடங்களை நினைத்துப் பார்க்கட்டும். அரச சார்பற்ற நிறுவனங்கள் அலுவலகத்துக்கும் தங்குவதற்கும் என்று வீடு தேடி அலைந்த காலம் அது. வெள்ளை வாகனம் நிற்கிற வீட்டு வாடகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரும் கூட்டினார். அவர்கள் கட்டிக்கொண்டு போனதும் அந்த வாடகைக்கு ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற ஒரு கணக்குப் பிழையையும் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். பிள்ளை கல்யாணம் கட்டி வெளிநாடு போனால் வீடு வாடகைக்கு வரும். என் அக்கா மகளின் வீடு அப்படித்தான், மாதம் 30,000. மச்சான் ஒரு நாள் பெருமையாகச் சொன்னார்: "98ல எட்டு இலட்சத்துக்குக் கட்டினது. வருஷம் மூண்டு இலட்சத்து அறுபது வருது. நாப்பத்தஞ்சு வீதம்! எந்த பேங்க் தரும்?" நான் ஒன்றுதான் கேட்டேன், "நாளைக்கு வித்தா எவ்வளவு?" "ஒரு கோடி இருபது கேட்டவன் ஒருத்தன்." அப்படியென்றால் அந்த வீட்டுக்குள் இன்று கிடப்பது 1 கோடி 20 இலட்சம். 360,000 அதற்கு 3 வீதம், அதுவும் செலவு கழிக்காமல். எட்டு இலட்சம் என்பது பழைய காலத்து ரூபாய், அதற்கும் இன்றைய வாடகைக்கும் உறவில்லை. மச்சான் இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்கா மகள் விற்கவும் இல்லை. விற்கவும் மாட்டாள், அது தாய் கொடுத்த வீடு. அதில் தவறே இல்லை, அந்த 45 மட்டும்தான் தவறு.

கடன் எடுத்து வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள், பாதிக் காசை வைத்துக்கொண்டு. "வாடகையே தவணையைக் கட்டும்" என்பது கட்டாது. 75 இலட்சம், 12 வீதம், பதினைந்து வருடம் என்றால் தவணை மாதம் 90,000. வீட்டில் இருந்து உண்மையில் மிஞ்சுவது மாதம் 33,000. 2.43 தருகிற பொருளை 12க்கு வாங்கிய காசில் வாங்கினால் கடன் கூடக் கூட நட்டமும் கூடும்.

முற்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு மாத வாடகை, 330,000, முற்பணமாக வாங்கினால் அது வருமானம் போலத் தெரியும். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு அது. வைப்பில் போட்டால் வருடம் 26,400 கிடைக்கும், வரி போக உங்கள் 2.43 இன்னொரு 0.15 ஏறும், அவ்வளவுதான். நான் முதல் தடவை வாங்கிய முற்பணத்தில் விறாந்தைக்கு ரைல் பதித்தேன். ஆள் ஒரு மாத நோட்டீசில் எழும்பியபோது மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் வெறும் தாளில் எழுதியது சட்டத்தில் நிற்காது. எழும்ப மறுக்கிற ஒருவர் இரண்டு வருடம் இருந்துவிட்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் குப்பை.

சரி, என்ன செய்யலாம்? வாடகையே நோக்கம் என்றால், காணி விலை குறைவாகவும் தலைக்குத் தலை வாடகை கூடுதலாகவும் வருகிற வகையைப் பாருங்கள். 12 பேர்ச்சில் தென்னை நிற்கிற வளவுக்கு வாடகைக்காரர் காசு தரமாட்டார். அவர் தருவது அறைக்கும் குளியலறைக்கும்தான். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையிலும், கல்லடியில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தைச் சுற்றியும் அறை அறையாக மாணவர்களுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விடுமுறையில் காலியாகும், தேய்மானம் இரட்டிப்பு, தண்ணீர் மோட்டர் ஒரு பரீட்சைக் காலத்துக்குள் எரிந்து போகும். ஆனாலும் வீதம் தனிக் குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட மேலே நிற்கும். அதைவிட நல்லது, உங்கள் அம்மாவின் வளவில் இடம் இருந்தால் ஒரு சிறிய அனெக்ஸ். 35 இலட்சத்தில் கட்டி 22,000க்குக் கொடுத்தால் செலவுக்கு முன்னால் ஏழரை வீதம். காணிக்குக் காசு போகாததால்தான் அந்த எண் வருகிறது. சுத்தமாகப் பார்த்தால் அனெக்ஸ் நிற்கிற அம்மாவின் மூன்று பேர்ச்சுக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் வீட்டுப் பின்பக்கத்தைத் தனியாக யாரும் விற்கப் போவதில்லை, அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

கல்லடி வீட்டை இந்த விலைக்கு, வாடகைக்காக என்றால் நான் வாங்கமாட்டேன். பத்து வருடத்தில் உங்கள் மகளுக்கு அந்த வீடு தேவை, அதுவரை ஆள் இருக்கட்டும் என்றால் அது வேறு விடயம். அப்போது விலையை மட்டும் பேசி இறக்குங்கள். பேசப் போவதற்கு முன் ஒரு தடவை தரகர் இல்லாமல், நல்ல மழைக்கு அடுத்த நாள் போங்கள். வளவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். யன்னலுக்கு மேல் சன்சேட்டின் அடியில் பழுப்பு நிறக் கோடு இறங்கியிருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இருந்தால் ஒரு தடியால் மெல்லத் தட்டுங்கள். வெறும் பானை மாதிரிச் சத்தம் வந்தால் கேட்கிற விலையில் இருந்து முதலில் மூன்று இலட்சத்தைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.